குடத்துக்குப் பட்டா இல்லை

போன மாசி மாதம் தம்பி போன் செய்தான். "ஒரு கையெழுத்துதானக்கா. பத்திர ஆபீசுக்கு வந்துட்டுப் போயிரு. மத்ததெல்லாம் புரோக்கர் பாத்துக்குவாரு."

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். பூர்வீக நிலம் இரண்டரை ஏக்கர், நடுவில் ஒரு கிணறு. விவசாயம் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பிளாட் போடப் போகிறார்கள். விளம்பரத் தாளைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். தார்ச்சாலை உண்டு, தெருவிளக்கு உண்டு, பள்ளிக்கூடம் பக்கம். கடைசியில் தடித்த எழுத்தில்: வற்றாத நிலத்தடி நீர்.

வற்றாது, அது உண்மைதான். யாரும் இறைக்காத கிணறு எப்படி வற்றும்?

என் கையெழுத்து இல்லாமல் அந்த நிலத்தை விற்க முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்று 1989இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தமும், 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தமும் தந்த உரிமை அது. அந்தச் சட்டங்களுக்காக எத்தனையோ பெண்கள் எத்தனையோ வருடம் பேசினார்கள், எழுதினார்கள். எனக்கு வந்து சேர்ந்த பங்கு, நாய்கூட நக்காத தண்ணீர் நிற்கும் ஒரு கிணற்றில் பாதி.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்போம். திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது பஸ்ஸின் ஜன்னலை மூடச் சொல்லும் அந்த வாடை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டார்கள். அப்போதும் நாறியது, உப்பும் கொஞ்சம் போனது. 1970களில் அரைப்பதமான தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாகப் பதனிட்ட தோலையே அனுப்ப வேண்டும் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆற்றைக் கெடுப்பதற்கு எதிரான சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது; தோல் வேலையின் நாற்றம் பிடித்த பகுதி நம் பக்கம் வந்தது, செருப்பு அங்கே போனது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் குரோமியம் சல்பேட்டில் ஒரு நாளில் பதமாகிவிடும். போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தோலில் ஏறாமல் கழிவோடு வெளியேறும். கூடவே சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு. எல்லாம் வாய்க்காலுக்கு, குளத்துக்கு, கொடகனாற்றுக்கு, அங்கிருந்து கிணற்றுக்கு.

இதை எங்கள் வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது பருப்பு. 1980களின் நடுவில் ஒருநாள் பருப்பு வேகவில்லை. மறுநாளும் வேகவில்லை. உப்பும் கடினமும் ஏறிய தண்ணீரில் பருப்பு வேகாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம், மருமகளுக்கு அடுப்பைப் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான். அப்பா வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். ஒருநாள் காய்ச்சின பாலில் தண்ணீர் ஊற்றியதும் திரிந்துவிட்டது. "தீட்டோட தொட்டியாடி?" என்று அப்பத்தா கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. தீட்டு என்றால் என்னவென்று தெரியாது. அம்மா பதில் சொல்லாமல் பாலைக் கொண்டுபோய் வாசலில் ஊற்றினாள்.

எங்கோ ஒரு தொட்டியில் திறந்துவிட்ட கழிவுக்கு எங்கள் வீட்டில் அடி வாங்கியவள் என் அம்மா. இந்தச் சேதம் எந்த அறிக்கையிலும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று ஊர் ஒப்புக்கொள்ள இரண்டு மூன்று வருடம் ஆனது. அதுவரை கெட்டது அம்மாவின் கைப்பக்குவம், அம்மாவின் சுத்தம், அம்மாவின் ராசி. பக்கத்து வீட்டு மதினிக்கும் அதே கதை. நாலு பெண்கள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, "உங்க வீட்லயுமா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அது சமையல் குற்றம் என்பதிலிருந்து தண்ணீர்க் குற்றம் என்று மாறியது. ஊரில் நடந்த முதல் ஆய்வு அதுதான் என்று நான் சொல்லுவேன். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அதைக் கருவி வைத்து உறுதிப்படுத்தியவர்கள்.

பிற்பாடு ஒருமுறை கணக்கெடுக்க ஒருவர் வந்தார். எந்த அலுவலகம், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" அப்பா டீக்கடையில் இருந்தார். கூட்டிவந்தோம். எத்தனை வருடமாகத் தண்ணீர் இப்படி? "அது கெடக்கு நாலஞ்சு வருசமா" என்றார் அப்பா. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "எட்டு வருசம். இவளை ரெண்டாப்பு சேத்த வருசம்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நாலு, ஐந்து என்று எழுதிக்கொண்டார். எத்தனை ஏக்கர், என்ன பயிர், என்ன நட்டம் என்று கேட்டார். தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாதான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், சேதம் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளையும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்த தீர்ப்பு. சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண்கள் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள். அதில் எங்கள் ஊர்ப்பக்கமும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுவிட்டன என்ற ஒரு தன்னார்வ அமைப்பின் கணக்கை நீதிமன்றம் எடுத்துச் சொல்கிறது. (நான் படித்த பிரதியில் ரெட்டியார்சத்திரத்தின் முதல் எழுத்தே மாறிப்போய், அப்படி ஓர் ஊரே இல்லாததுபோல் அச்சாகியிருந்தது. நமக்கு அதுவும் பழகிவிட்டது.) அந்தக் கிணற்றுக் கணக்கை அடுத்து ஒரு சின்ன வாக்கியம். பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்று. அவ்வளவுதான். பெண்கள் என்ற சொல் என் கண்ணில் பட்ட இடம் அது ஒன்றுதான். பிறகு தீர்ப்பு ஹெக்டேருக்கும் ஏற்றுமதிக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போய்விடுகிறது.

அந்த ஒற்றை வாக்கியத்துக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணிக் குழாய் எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். போக வர ஒன்று. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், ஒரு நாளைக்கு ஆறு நடை. வருடத்துக்கு 2,190 கிலோமீட்டர். வீட்டுப் பக்கம் லாரித் தண்ணீர் வருவதற்கு முன்னால் அம்மா இப்படி நடந்தது 18 வருடம். பெருக்கினால் 39,420 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்தான். என் அம்மா மதுரையைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் பூமியைச் சுற்றி வந்துவிட்டாள், பாதி தூரம் தண்ணீரைச் சுமந்துகொண்டு.

ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம். அன்றைக்கு ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. வேலூர் மாவட்டத்துக்கு அந்த ஆணையம் 2001இல் தீர்ப்பளித்தது. 29 ஆயிரத்துச் சொச்சம் பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்றது. அந்தப் பணத்தை முழுதாகக் கொடுத்து முடிக்காமலேயே காலம் ஓடி, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மீதியை அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. 24 வருடம். பட்டா வைத்திருப்பவருக்கே இந்த நிலைமை. விளைநிலத்தின் சேதம்தான் அந்த இழப்பீட்டின் முதன்மையான அளவுகோல். நிலத்துக்குப் பட்டா உண்டு. எங்கள் ஊரில் அநேகமாக எல்லாப் பட்டாவும் ஆண் பெயரில். கிணற்றுக்கு சர்வே எண் உண்டு. குடத்துக்கு என்ன உண்டு? சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத தலித் பெண் ஆறு நடைக்குப் பதில் பத்து நடை நடந்தாள், ஏனென்றால் ஊர்க்குழாயில் அவள் முறை கடைசியில்தான் வரும். அவளுடைய இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதையெல்லாம் சொன்னால், "அது பழைய கதைங்க. இப்பத்தான் சுத்திகரிப்பு நிலையம் வந்துருச்சே, பாதி ஷாப்பு மூடியே கெடக்கே" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆலையின் கதவுக்கு முடிவு தேதி உண்டு. நிலத்தடி நீருக்கு இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் திண்டுக்கல் தோல் ஷாப்பு வட்டாரத்தின் நிலத்தடி நீரைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது வருடம் கழித்தும் நீரில் கரைந்திருக்கும் உப்பு இன்றுள்ளதில் பாதிக்குக் கீழே இறங்காது என்பது அவர்கள் கண்டது. எங்கள் ஊரில் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் புகுந்தது சுலபத்தில் வெளியே வராது.

ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் 1967 முதல் யுரேனியம் தோண்டுகிறார்கள். தாதுவை எடுத்தபின் மிஞ்சும் சேற்றைச் சந்தால், ஹோ பழங்குடி ஊர்களுக்குப் பக்கத்திலேயே குளம்போல் தேக்கிவைத்தார்கள். 2007இல் மருத்துவர்கள் அமைப்பு ஒன்று அங்கே கணக்கெடுத்து, பிள்ளைப்பேறின்மையும் பிறவிக் குறைகளும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது, நிறுவனம் மறுத்தது. யுரேனியத்துக்கு அரை ஆயுள் 450 கோடி வருடம் என்று கேட்டு நாம் மலைக்கிறோம். குரோமியத்துக்கு அந்த அரை ஆயுள்கூட இல்லை. அது சிதையவே சிதையாது. தோலில் போடும் மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல என்பது உண்மை. அதில் ஒரு பங்கு சூழலைப் பொறுத்து ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம் என்பதும் உண்மை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் அந்தக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டிக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஓடும். முதலாளி போய்விட்டார், மஞ்சள் நிற்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே மலைமேல் கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடிய ஆலையின் எந்திரங்களை இங்கே கொண்டுவந்து 1980களில் தொடங்கியது. 2001இல் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தபின் மூடப்பட்டது. உடல்நலக் கேடு எதுவும் தங்களால் இல்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. மூடி 15 வருடம் கழித்து. அந்த 15 வருடமும் நோய்வாய்ப்பட்டவர்களை வீட்டில் குளிப்பாட்டி, கஞ்சி வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? பாதரசம் தோய்ந்த வேலைத் துணியை வீட்டில் துவைத்தவளுக்கு எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

நம் உடம்பைப் பற்றியும் பேசிவிடுகிறேன், மேடைகளில் இதைப் பேச மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் அலசிய தூமைத்துணி காய்ந்தால் அட்டைபோல் விறைக்கும். தொடை உரசிப் புண்ணாகும். எனக்குப் பதிமூன்று வயதிலிருந்து கல்யாணம் ஆகிப் போகும்வரை மாதாமாதம் இது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டியபோது, "உடம்பு சூடும்மா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார்கள். எதில் குளிக்க? அம்மா பகலில் தண்ணீரே குடிக்க மாட்டாள். தான் சுமந்ததை எண்ணி எண்ணிச் செலவழிப்பவள் முதலில் குறைப்பது தன் வாய்க்கானதைத்தான். நீர்க்கடுப்பு வந்தால் யாருக்கும் சொல்ல மாட்டாள்.

மகளிர் குழுவுக்கு ஒருமுறை விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வந்தவர்கள் சொன்னது, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க." கிருமி சாகும், சரி. உப்பும் குரோமியமும் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அவை இன்னும் செறியும். தொழிற்சாலை செய்ததைப் பெண்கள் அடுப்பில் சரிசெய்ய வேண்டும், அதுவும் தப்பான முறையில். இப்போது வசதி உள்ள வீடுகளில் சுத்திகரிக்கும் எந்திரம் வந்திருக்கிறது. அது நல்ல தண்ணீரைப் பிரித்துத் தந்துவிட்டு உப்பை இன்னும் செறிவாக்கி வெளியே விடும். அந்தக் குழாய் கொல்லையில் போய் முடிகிறது. முடியாதவர்களுக்குக் கேன் தண்ணீர். ஆலை சேர்த்த லாபத்தின் செலவைக் கேனுக்கு இவ்வளவு என்று அம்மா சீரகடப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

பெண் என்பவள் நதி, பெண்தான் நிலம், பூமித்தாய் அழுகிறாள் என்றெல்லாம் எழுதும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களை நதியாக்காதீர்கள். நதிக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்பது உங்களுக்கு வசதியாக இருக்கிறது.

இன்னொரு தரப்பும் உண்டு. அவர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் குஷியாகி, "பாத்தீங்களா, தோல் யாவாரம் பண்றது யாரு?" என்பார்கள். முதலாளிகளில் இஸ்லாமியர் பலர் என்பது ஊரறிந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களும் பேகம்பூரில் கேன் தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்பதும் ஊரறிந்ததுதான். குரோமியத்தைக் கொண்டுவந்த கொள்கையை எழுதியது டெல்லி. கண்மூடிக்கொண்ட அதிகாரிகள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். என் அம்மாவின் குடத்தை யாருடைய வெறுப்புக்கும் கடன் கொடுக்க மாட்டேன்.

எனக்கு நிஜமாகவே பதில் சொல்லக் கடினமாக இருந்த கேள்வி வேறொருத்தியிடமிருந்து வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த காலனியில் ஓர் அக்கா, பச்சைத் தோலில் உப்புத் தட்டும் வேலைக்கு இருபது வருடம் போனவள். கை விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஷாப்பையெல்லாம் மூட வேண்டும் என்று நான் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தபோது, "மூடினா நீ சோறு போடுவியா பாப்பா?" என்று கேட்டாள். ஆலை மூடியபோது அவளுக்கு ஒரு பைசா வரவில்லை. தினக்கூலிக்கு ஏது கணக்கு. இப்போது பூப்பறிக்கப் போகிறாள். மூடு என்று மட்டும் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உள்ளே உப்பைத் தட்டியதும் அவள்தான், வெளியே உப்புத் தண்ணீரைக் குடித்ததும் அவள்தான். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றால் அந்த ஈடு முதலில் அவள் விரலுக்குப் போகட்டும். பிறகு நிலத்துக்கு வரலாம்.

அந்த 13 கிராமங்களில் தொடங்கி ஒவ்வொரு கிணற்றையும் ஆழ்குழாயையும் அரசு செலவில் சோதித்து, முடிவைத் தமிழில் கிணற்றுச் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும். அங்கே வாழ்ந்த பெண்களை, கல்யாணம் ஆகி வெளியூர் போனவர்களையும் சேர்த்து, தேடிப் பிடித்து மருத்துவக் கணக்கெடுக்க வேண்டும். ஆம்பளைங்க இல்லையா என்று கேட்காமல். இழப்பீட்டில் தண்ணீர் சுமந்த வருடங்களுக்கு ஒரு கட்டம் வேண்டும், நிலமில்லாதவளுக்கும் சேர்த்து. அந்த வட்டாரத்தில் நிலம் கைமாறும்போது தண்ணீரின் நிலையைக் கிரயப் பத்திரத்தில் எழுதாமல் பதிவு செய்யக் கூடாது.

கடைசியாகச் சொன்னதை நான் தம்பியிடமே கேட்டேன். சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் அந்தக் கிணற்றில் வாளி விட்டு இறைத்தேன். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கு இந்தியத் தரநிலை 500 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. மீட்டர் அதை எளிதாகத் தாண்டியது. "இதைப் பத்திரத்துல எழுது, கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"லூசாக்கா நீ? அப்படி எழுதினா பாதி விலைக்குக்கூடப் போகாது."

எனக்கும் மகளின் காலேஜ் பீஸ் இருக்கிறது. அந்தப் பணம் வந்தால் இரண்டு வருடக் கவலை தீரும். தம்பிக்குக் கடன் இருக்கிறது, அது பொய்யில்லை. ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து சுண்டைக்காய் இடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்குறவன் பொண்டாட்டி, பாவம், புதுசா வீடு கட்டிக் குடிவருவா" என்றாள். "பருப்பு வேகலன்னா அவளத்தான் ஏசுவாய்ங்க."

விடுதலைப் பத்திரத்தின் நகல் என் மேசையில் கிடக்கிறது. நேற்றும் தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான்.